கரண்ட் போனால் எவ்வளவு நேரம்?

2025 செப்டெம்பர் 9, செவ்வாய்க்கிழமை. காலையில் ஜொஹானிஸ்தாலில் இருக்கிற சித்தியிடமிருந்து செய்தி: கரண்ட் இல்லை. மின்கோபுரங்களுக்கு யாரோ தீ வைத்ததால் பேர்லினின் தென்கிழக்கில் ஏறத்தாழ 50,000 வீடுகளுக்கும் நிறுவனங்களுக்கும் மின்சாரம் போய்விட்டது. முழுவதும் திரும்பி வர 60 மணித்தியாலம் அளவில் ஆனது.

நொய்கெல்னுக்குப் பக்கத்து இடம்தான் அது. எங்கள் வீட்டில் லைற் எரிந்தது. ஆனாலும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்களோடு இருக்கிற அப்பா இரவில் ஒட்சிசன் மெஷின் இல்லாமல் படுக்க ஏலாது.

"பயப்படாதேங்கோ அப்பா, எங்களிட்டை யூபிஎஸ் இருக்குதானே" என்றேன். கம்பியூட்டருக்கென்று வாங்கிய கறுப்புப் பெட்டியைச் சொன்னேன். ஜெர்மனில் இதை 'ஊ-எஸ்-ஃபவ்' என்பார்கள். 'தடையில்லா மின்வழங்கி' என்று தமிழில் சொன்னால் எந்நாளும் ஓடும் போல இருக்கும்!

அப்பா பேரனைக் கூப்பிட்டார். "தம்பி, அதின்ரை பின்பக்கத்தை வாசி."

"360 வாட், அம்மப்பா."

"என்ரை மெஷின்?"

"350."

"அப்ப தூக்கும். ஆனா எவ்வளவு நேரம் தூக்கும்?"

கையேட்டைத் தேடிப் பார்த்தோம். முழுச்சுமையில் சில நிமிஷம்தான். கம்பியூட்டரை ஒழுங்காக நிப்பாட்டத்தான் அந்தப் பெட்டி. இவ்வளவு காலமும் அதை நம்பி நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

90களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத வருஷங்களில் அப்பா சைக்கிள் டைனமோவை ஓட்டித்தான் ரேடியோவில் செய்தி கேட்டவர். அதை வைத்தே மகனுக்கு விளங்கப்படுத்தினார். "எவ்வளவு உரமா மிதிக்கிறாய் எண்டுறது வாட். அப்பிடி எவ்வளவு நேரம் மிதிச்சாய் எண்டதையும் சேர்த்துப் பார்த்தா வாட்-மணித்தியாலம். டைனமோதான் சின்ன மின்பிறப்பாக்கி. நான் மிதிக்கிறதை விட்டா ரேடியோவும் நிண்டிடும். பற்றரி எண்டா மிதிச்சதைச் சேர்த்து வைக்கும்."

மகன் உடனே கணக்குப் போட்டான். கடையில் 500 வாட்-மணித்தியாலப் பற்றரி வாங்கினாலும் இந்த மெஷின் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடத்தான் ஓடும். 60 மணித்தியாலம் எங்கே, இது எங்கே!

ஆஸ்பத்திரியில் இரண்டு ஏற்பாடும் இருக்கும். யூபிஎஸ் அந்தக் கணத்தைத் தாங்கும். 15 விநாடிக்குள் ஜெனரேட்டர் பொறுப்பெடுக்கும். மாடி வீட்டில் ஜெனரேட்டரை நினைக்கவே கூடாது, அதன் புகை ஆளைக் கொல்லும்.

மெஷின் தந்தவர்களுக்கு அன்றே போன் எடுத்தேன். கரண்ட் தேவைப்படாத ஒட்சிசன் சிலிண்டர் ஒன்று இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அது எத்தனை மணித்தியாலத்துக்குக் காணும் என்றும் கேட்டு, மகனே அதில் எழுதி ஒட்டியிருக்கிறான். அது முடிய முதல் 112 என்பது அவனுக்கும் தெரியும்.

உங்கள் வீட்டிலும் மெஷினை நம்பி ஒருவர் இருந்தால், இந்தச் சனிக்கிழமை பிள்ளைகளோடு இருந்து அதன் பின்பக்கத்தை வாசியுங்கள். எத்தனை வாட் என்று பார்த்ததோடு விடாதேங்கோ. எவ்வளவு நேரம் என்றும் கேளுங்கோ.