மூணு மாசம் மூச்சு விடக் கூடாதாம்!



"நாள் தள்ளிப் போயிருக்கா? மூணு மாசம் முடியட்டும், யார்கிட்டயும் மூச்சு விடாதே, கண்ணு பட்டுடும்." நம் வீடுகளில் இதைச் சொல்லாத பெரியவர்கள் குறைவு. ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. டாக்டரிடமும் சொல்லக் கூடாதா? அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடுகிறது. அந்த மெல்லிய குழாய் ஆறு, எட்டு வாரத்திலேயே வெடிக்கலாம். நீங்கள் வாய் மூடி இருக்கச் சொல்லும் அதே மூன்று மாதத்துக்குள்! மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் கார்டில் இரண்டு கோடு விழுந்தால் கர்ப்பம் என்று தெரியும். கரு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஸ்கேன்தான் சொல்லும்.

அடிவயிற்றில், பல சமயம் ஒரு பக்கமாக வலி. லேசான ரத்தக் கசிவு, சில நேரம் பழுப்பு நிறத்தில். வீட்டு வைத்தியர்கள் உடனே "வாயு, ஓமத்தண்ணி குடி" என்பார்கள். தோள்பட்டை நுனியில் வலித்தால் தைலம் தேய்ப்பார்கள். வயிற்றுக்குள் கசியும் ரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது வலி தோளில் தெரியும், அம்மா! வெளியே சொட்டுதான் தெரியும், உள்ளே நிறையப் போயிருக்கும். தலைசுற்றல், மயக்கம் வந்தால் அரை மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது. எல்லா அறிகுறியும் சேர்ந்து வர வேண்டும் என்பதும் இல்லை.

"அவளுக்குத்தான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சே" என்பது இன்னொரு அலட்சியம். அபூர்வமாக அது தவறிக் கர்ப்பம் உண்டானால், குழாயில் தங்கும் ஆபத்து மற்றவர்களைவிட மிக அதிகம்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் சிலருக்கு மெதோட்ரெக்சேட் ஊசியே போதும். வெடித்துவிட்டால் ஆபரேஷன்தான். 1883-லேயே பர்மிங்ஹாமில் லாசன் டெய்ட் என்ற மருத்துவர், வெடித்த குழாயை அறுவை செய்து ஒரு பெண்ணைப் பிழைக்க வைத்தார். அவரிடம் ஸ்கேனும் இல்லை, ரத்த வங்கியும் இல்லை. நமக்குக் குரோம்பேட்டையிலும் செங்கல்பட்டிலும் எழும்பூரிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன.

அந்தக் கருவை எடுத்துக் கருப்பையில் வைக்க முடியாது. பிழைத்து வந்த பெண்ணை "ராசியில்லாதவள்" என்று பேசும் வாய்களுக்கு இது தெரியட்டும். மாடிப்படி ஏறியதாலோ ஸ்கூட்டி ஓட்டியதாலோ இது வருவதும் இல்லை.

மாப்பிள்ளைகளே, சாயங்காலம் இரும்புலியூர் சந்திப்பைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குத் தெரியும். அவள் மயங்கி விழுந்தபின் ஜோசியரையும் கால் டாக்ஸியையும் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். "நாள் தள்ளியிருக்கிறது" என்பதை டாக்டரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

மாமியார்களுக்கு என்மேல் கோபமா? வீட்டுக்கு வாருங்கள். காபி போட்டுத் தருகிறேன், சண்டையும் போடுகிறேன்.