பயிற்சியாளர் நாற்காலி

சரோஜினி நகர் பிள்ளையார் கோயில் வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்று பேசுகிறவர்களுக்கு விஷயப் பஞ்சம் ஏற்படுவதில்லை. பஞ்சப்படி, குவார்ட்டர்ஸ், பிள்ளைகளின் கல்லூரி அட்மிஷன், கோடை விடுமுறைக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸில் டிக்கெட் என்று வழக்கமான வரிசை ஒன்று உண்டு. இந்திய அணி ஒரு கால்பந்துப் போட்டியில் தோற்ற மறுவாரம் இந்த வரிசை கலைந்துவிடுகிறது. அடுத்த கோச் யார் என்பதே பேச்சாகிவிடுகிறது. செக்ஷன் ஆபீசரும், மார்க்கெட்டில் துணிக்கடையில் வேலை பார்க்கும் இளைஞரும் சரிசமமாக நின்று வாதாடக்கூடிய விஷயங்கள் தலைநகரில் அதிகமில்லை. அந்த வகையில் இது நல்ல வாதமே. அது போகும் திசைதான் சரியாக இல்லை.

வாதத்தில் இரண்டு கட்சிகள். வெளிநாட்டுப் பயிற்சியாளர் வந்தால்தான் உருப்படும் என்பது ஒன்று. நம் பையன்களின் சுபாவம் தெரிந்த உள்நாட்டுக்காரர்தான் வேண்டும் என்பது மற்றொன்று. 2025-ஆம் ஆண்டு இந்த இரு கட்சிக்கும் போதிய தீனி போட்டது. அவ்வாண்டு ஜூலை 2-ந் தேதி ஸ்பெயின் நாட்டவரான மனோலோ மார்க்கெஸ் பதவியிலிருந்து விலகினார். காலியான இடத்துக்கு அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் மனுக்கள் கோரிற்று. 170 மனுக்கள் வந்தன. பார்சிலோனாவின் சாவியும் மனுப் போட்டிருக்கிறார் என்று ஒரு செய்தி கிளம்பி, நாடு முழுவதும் ரசிகர்கள் கனவு காணத் தொடங்கினார்கள். சாவி பெயரிலும் கார்டியோலா பெயரிலும் வந்தவை உண்மையான மனுக்கள் அல்ல என்று பின்னர் சம்மேளனமே சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு சாதாரண குமாஸ்தா வேலைக்கு மனுச் செய்கிறவரிடம் சான்றிதழ்களின் மூலப் பிரதியைக் கேட்கும் தேசத்தில் நடந்தது இது!

ஐ.எம். விஜயன் தலைமையிலான தொழில்நுட்பக் குழு மூன்று பெயர்களைப் பொறுக்கி எடுத்தது. (தமிழ் ரசிகர்களுக்கு விஜயனைப் பந்தோடு பார்த்ததைவிட, 2006-ல் வந்த "திமிரு" படத்தின் வில்லனாகப் பார்த்த ஞாபகமே அதிகம்.) இங்கிலாந்தின் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கியாவின் ஸ்டெபான் தார்கோவிச், இந்தியரான காலித் ஜமீல் ஆகிய மூவரில் ஜமீல் ஆகஸ்டு 1-ந் தேதி தேர்ந்தெடுக்கப்பட்டார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் என்பதால் உள்நாட்டுக் கட்சியினர் மகிழ்ந்தனர். செப்டம்பரில் தஜிகிஸ்தானில் ஓமான் அணியைப் பெனால்டியில் வென்று இந்தியா மூன்றாமிடம் பெற்றபோது அந்த மகிழ்ச்சி உச்சத்துக்குப் போனது. அக்டோபர் 14-ல் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பு பறிபோயிற்று. நவம்பர் 18-ல் டாக்காவில் வங்கதேசத்திடம் தோல்வி. 22 ஆண்டுகளில் அந்த அணியிடம் இந்தியா தோற்றது அதுவே முதல் முறை. உடனே வெளிநாட்டுக் கட்சிக்குப் புத்துயிர் வந்துவிட்டது.

இரு கட்சிக்கும் சரித்திரத்தில் சாட்சிகள் உண்டு. சையத் அப்துல் ரஹீம் இந்தியர். ஹைதராபாத் பள்ளி ஆசிரியர். 1951-ல் இதே தில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம், 1962 ஜகார்த்தாவில் மீண்டும் தங்கம் என்று அவர் காலத்தில் வந்ததற்கு ஈடாக இன்று வரை எதுவும் வரவில்லை. மறுபுறம், தில்லி கேட் அம்பேத்கர் ஸ்டேடியத்தில் 2007-லும் 2009-லும் சிரியாவை இறுதி ஆட்டத்தில் வென்று நேரு கோப்பையைப் பெற்ற அணியின் பயிற்சியாளர் பாப் ஹவுட்டன் ஆங்கிலேயர். 27 ஆண்டுகளுக்குப் பிறகு 2011 ஆசியக் கோப்பைக்கு இந்தியாவைக் கொண்டு சேர்த்தவரும் அவரே. அந்த ஆட்டங்களைப் பார்க்கப் போன தில்லித் தமிழர்கள் பலர் இன்றும் இருக்கிறார்கள்.

உள்ளூர்க்காரரா, வெளியூர்க்காரரா என்ற அளவுகோலே எவ்வளவு பலவீனமானது என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1973-ல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் டிராபியை வென்றபோது அந்த அணியின் பயிற்சியாளர் மலையாளி அல்லர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய தமிழகத்து வீரர் சைமன் சுந்தரராஜ். கோப்பை கைக்கு வந்தபின் யாரும் அவர் ஊரைக் கேட்கவில்லை.

எனவே ஊரும் பாஸ்போர்ட்டும் விஷயமல்ல. நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதைவிட, அந்த நாற்காலிக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. மத்திய சர்க்கார் அலுவலகங்களில் காலம் கழித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எத்தனை திறமையான அதிகாரியும், கோப்பு வேறு செக்ஷனில் கிடக்குமானால் கையெழுத்துப் போட முடியாது.

மார்க்கெஸ் கதையையே பார்க்கலாம். 2024 ஜூலையில் அவரை நியமித்தபோது எப்.சி. கோவா கிளப்பின் பயிற்சியாளராகவும் அவரே தொடர்ந்தார். அலுவலக மொழியில் சொன்னால் 'கூடுதல் பொறுப்பு'. கூடுதல் பொறுப்பில் இருக்கும் அதிகாரியின் மேஜையில் எந்தக் கோப்பு முதலில் நகரும், எது அடியில் போகும் என்பது சரோஜினி நகரில் எல்லோருக்கும் தெரியும். 2025 மே மாதம் அவருடைய கோவா அணி சூப்பர் கோப்பையை வென்றது. இந்திய அணியோ அவரது காலத்தில் ஆடிய எட்டு ஆட்டங்களில் மாலத்தீவை மட்டுமே வென்றது. ஆள் ஒருவர்தான், நாற்காலிதான் இரண்டு. கிளப்பில் வீரர்கள் நாள்தோறும் அவர் கண் முன்னால் இருந்தார்கள். எந்த இடத்துக்கு எந்த வீரர் வேண்டுமோ அவரை விலை கொடுத்து வாங்கவும் வழி இருந்தது. தேசிய அணிக்கு அவர்கள் விருந்தாளிகளைப் போல் சில நாட்களுக்கு வந்து போனார்கள்.

அவருக்கு முன்பிருந்த குரோஷியரான இகோர் ஸ்டிமாச்சுக்கு ஐந்து ஆண்டுகள் கிடைத்தன. அவகாசம் கொடுத்தால் போதும் என்று வாதிடுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. 2023-ல் தெற்காசியக் கோப்பையை வென்று தரப் பட்டியலில் நூறுக்குள் வந்த அணி, மறு ஆண்டே உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் தடுமாறி வெளியேறியது. அவர் மீதும் குறைகள் இல்லாமல் இல்லை. ஆயினும் 2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அணி போன லட்சணத்துக்கு எந்தப் பயிற்சியாளரும் பொறுப்பாக முடியாது. அந்தப் போட்டி சர்வதேச சம்மேளனத்தின் காலண்டருக்குள் வராததால் வீரர்களை அனுப்பும் கட்டாயம் கிளப்புகளுக்கு இல்லை. இந்தியன் சூப்பர் லீக்கும் அதே வாரத்தில் தொடங்க இருந்தது. முதலில் அறிவித்த அணி ஏட்டளவில் நின்றது. கிடைத்தவர்களைக் கூட்டிக்கொண்டு செப்டம்பர் 18-ந் தேதி மாலை அங்கே இறங்கி, மறுநாளே சீனாவோடு ஆடி 1-5 என்று தோற்றார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி சமையல்காரரை அழைத்து, அரிசி இன்னும் வரவில்லை என்று சொன்ன கதைதான்.

ரஹீமின் வெற்றிக்கு அவருடைய மேதைமை மட்டும் காரணமல்ல. அவர் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியையும் பயிற்றுவித்தவர். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளரும் அவரே. தம் கையால் வளர்த்த வீரர்களையே தேசிய அணியிலும் ஆட்டக் கூடிய நிலை அவருக்கு இருந்தது. ஹவுட்டனுக்கும் 2011-க்கு முன்னால் நீண்ட முகாம்கள் அனுமதிக்கப்பட்டன. கிளப்புகள் முணுமுணுத்தாலும் வீரர்கள் வந்தார்கள். தோஹாவில் மூன்று ஆட்டங்களிலும் இந்தியா தோற்றது உண்மையே. ஆஸ்திரேலியா, தென் கொரியா போன்ற அணிகளோடு ஆடித் தோற்கும் இடத்துக்காவது போய்ச் சேர்ந்தது. 2027-ல் அதுவும் இல்லை.

வீரர் பஞ்சமோ அதைவிடப் பெரிய பஞ்சம். தில்லியில் சிட்டி கிளப்பில் ஆடித் தொடங்கிய சுனில் சேத்ரி 2024 ஜூன் 6-ல் கல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடி ஓய்வு பெற்றார். ஒன்பது மாதங்களில், நாற்பது வயதில், மறுபடியும் அழைக்கப்பட்டார். பென்ஷன் பேப்பர் அனுப்பிய பிறகு அதே மேஜைக்கு வரச் சொன்னது போல. காரணம் மறைவானதல்ல. லீக்கில் ஒரு கிளப் நான்கு வெளிநாட்டு வீரர்களை ஒரே நேரத்தில் களமிறக்கலாம். கோல் போடுவதற்குக் கிளப்புகள் பெரும்பாலும் அந்த வெளிநாட்டவரையே வைத்துக் கொள்கின்றன. இந்தியப் பையன் பெஞ்சில் உட்கார்ந்து பழகுகிறான். ஞாயிறு தோறும் பெஞ்சில் இருப்பவனைத் தேசிய முகாமில் பத்து நாளில் ஸ்டிரைக்கர் ஆக்கும் வித்தை சாவிக்கும் தெரியாது.

ஜமீலுக்குக் கிடைத்த நாற்காலியின் நிலைமை இன்னும் மோசம். மிசோரத்தின் சிறிய ஐஸ்வால் அணியைக் கொண்டு 2016-17 ஐ-லீக்கையே வென்று காட்டியவர் அவர். குறைந்த சம்பளத்தில், பெயர் தெரியாத வீரர்களை வைத்துக் காரியம் சாதிக்கத் தெரிந்தவர். அவர் பதவியேற்ற நேரத்தில் சூப்பர் லீக் நடக்குமா என்பதே சந்தேகத்தில் இருந்தது. 2010-ல் ரிலையன்ஸ் தரப்போடு செய்துகொண்ட பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் 2025-ல் முடிவதற்குள் மாற்று ஏற்பாடு செய்யப்படவில்லை. ஆண்டு முடியும் வரை லீக் தொடங்கவே இல்லை. சில கிளப்புகள் பயிற்சியை நிறுத்தின. சம்பளத்தையும் நிறுத்தி வைத்தன. மாதச் சம்பளம் ஒரு வாரம் தாமதித்தால் மளிகைக் கடைக்காரர் முகத்தைப் பார்க்கக் கூசுகிறவர்களுக்கு, அந்த வீரர்கள் என்ன மனநிலையில் சிங்கப்பூரை எதிர்த்து இறங்கியிருப்பார்கள் என்பது புரியும். வாதத்தில் இது யார் வாயிலும் வரவில்லை. கோச்சை மாற்று என்பதே பல்லவி.

மாற்றுவதற்கும் செலவு உண்டு. ஸ்டிமாச்சின் ஒப்பந்தத்தை 2023 அக்டோபரில் 2026 வரை நீட்டித்த அதே சம்மேளனம், 2024 ஜூன் 17-ல் அவரை நீக்கியது. விவகாரம் வளர்ந்து, முடிவில் நாலு லட்சம் டாலர் கொடுத்துத் தீர்க்க நேர்ந்தது. ரூபாய்க் கணக்கில் மூன்று கோடிக்கு மேல். அந்தப் பணத்துக்கு எத்தனை பள்ளிகளுக்குப் பந்தும் பயிற்சியாளரும் கிடைத்திருக்கும் என்று கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் ஓய்வு நேரத்தில் போட்டுப் பார்க்கலாம்.

பள்ளி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1960 முதல் விமானப் படையினர் ஆதரவில் நடந்துவரும் சுப்ரதோ கோப்பைப் பள்ளிப் போட்டிகளைத் தில்லியில் பார்க்க முடிகிறது. நாளைய இந்திய அணி என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. தேசிய கோச் பற்றித் தொண்டை கட்டும்படி பேசுகிற எத்தனை பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறார்கள்? சரோஜினி நகரின் பழைய குவார்ட்டர்ஸ் வரிசைகளுக்கு நடுவே சதுரமான புல்தரைகள் இருந்தன. மாலையில் அங்கே பந்து உதைத்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். 2016-ல் மத்திய மந்திரிசபை அனுமதித்த புனரமைப்புத் திட்டத்தில் இந்தக் காலனியும் நேதாஜி நகரும் நவ்ரோஜி நகரும் அடுக்கு மாடிகளாக மாறத் தொடங்கின. புதுக் கட்டடங்களில் காருக்கு எத்தனை இடம் என்று கேட்கும் குடியிருப்போர் சங்கங்கள், பந்துக்கு எவ்வளவு இடம் என்றும் கேட்டிருக்க வேண்டும். இப்போதும் கேட்கலாம், வேலை ஒரே நாளில் முடிகிற வேலையல்ல.

பயிற்சியாளர் விஷயத்தில் ரசிகர்கள் வற்புறுத்த வேண்டியது ஒரு பெயரை அல்ல. அடுத்த முறை மனுக் கோரும் விளம்பரம் வரும்போது, அதோடு பதவியின் நிபந்தனைகளும் வெளியாக வேண்டும். ஆண்டுக்கு எத்தனை நாள் முகாம் உறுதி? கிளப் வீரரை அனுப்ப மறுத்தால் முடிவு சொல்வது யார்? இடையில் நீக்கினால் கொடுக்க வேண்டிய தொகை எவ்வளவு? வேறு கிளப்பில் கூடுதல் பொறுப்பு உண்டா, இல்லையா? சம்மேளனத்தின் தலைமையகம் துவாரகாவில்தான் இருக்கிறது; சரோஜினி நகரிலிருந்து மெட்ரோ ஏறினால் போய்விடலாம். விளையாட்டு அமைச்சகத்துக்கோ 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் போடக் கட்டணம் பத்து ரூபாய். நோட்டிங்கும் டிராப்டிங்கும் எழுதியே தலை நரைத்தவர்கள் நிறைந்த காலனியில், இந்த நாலு கேள்விகளை ஒரு தாளில் எழுத அரை மணி நேரம்கூட ஆகாது.