வெட்டுண்ட விரலும் வெட்டப்படும் இழப்பீடும்

பெங்களூருவின் பீன்யா, பொம்மசந்திரா, ஜிகனி தொழிற்பேட்டைகளில் பவர் பிரஸ் இயந்திரங்களின் முன் நிற்கும் தொழிலாளி ஒவ்வொரு நாளும் தன் விரல்களைப் பணயம் வைத்தே உற்பத்தி இலக்கை எட்டுகிறார். அந்த விரல்கள் துண்டிக்கப்பட்டால் அவற்றிற்கு என்ன விலை என்பதைச் சட்டம் முன்கூட்டியே நிர்ணயித்து வைத்துள்ளது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் வருவாய் ஈட்டும் திறனில் 14 விழுக்காடு இழப்பு. ஒரு கையின் இரண்டு விரல்களுக்கு 20. மூன்று விரல்களுக்கு 30. கட்டை விரலுக்கு 30. விரல் வலது கையினுடையதா, இடது கையினுடையதா என்ற வேறுபாடுகூட அங்கு இல்லை.

கணக்கு இதுதான். மாத ஊதியத்தில் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்கி, அதில் அட்டவணை விழுக்காட்டை எடுக்க வேண்டும். 30 வயதுக்கான காரணி 207.98. மாதம் 24,000 ரூபாய் ஈட்டும் 30 வயதுத் தொழிலாளி ஒருவர் மூன்று விரல்களை இழந்ததாகக் கொள்வோம். 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ. பாதுகாப்பு அவருக்கு இல்லை. உண்மை ஊதியத்தின்படி அவருக்குச் சேர வேண்டியது ஏறத்தாழ 8,98,474 ரூபாய். ஆனால் கணக்கிற்குரிய ஊதியத்தின் உச்சவரம்பு, 2020 ஜனவரி 3 அறிவிப்பின்படி, 15,000 ரூபாய் மட்டுமே. எனவே கிடைப்பது 5,61,546 ரூபாய். விரல்களை இயந்திரம் வெட்டியது; மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொகையை அரசின் அறிவிப்பு வெட்டுகிறது.

இந்த உச்சவரம்பு 2000 டிசம்பரில் 4,000 ரூபாயாகவும், 2010இல் 8,000 ரூபாயாகவும், 2020இல் 15,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. விலைவாசி மாதந்தோறும் ஏறுகிறது. உச்சவரம்போ பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் அசைகிறது. இடைப்பட்ட காலத்தின் இழப்பு முழுவதும் தொழிலாளியின் தலையில் விழுகிறது. ஆதாயம் முதலாளிக்கும் காப்பீட்டு நிறுவனத்திற்கும் செல்கிறது.

அட்டவணையே இறுதி வார்த்தை அல்ல என்று உச்சநீதிமன்றம் 1975 டிசம்பரிலேயே தீர்ப்பளித்தது. முழங்கைக்கு மேல் இடக்கையை இழந்த தச்சர் ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது. ஆகவே அவரது இழப்பு 100 விழுக்காடு என்று கூறியது. ஆயினும் கர்நாடகத்தில், ஷிமோகா நோக்கிச் செல்கையில் விபத்தில் வலக்காலை இழந்த டேங்கர் லாரி ஓட்டுநருக்கு ஆணையர் வழங்கிய 100 விழுக்காட்டை உயர்நீதிமன்றம் 65ஆகக் குறைத்தது. கால் இல்லாதவர் லாரி ஓட்ட முடியாது என்ற எளிய உண்மையை நிலைநாட்ட, 1999இல் நடந்த விபத்துக்காக 2008 வரை அவர் உச்சநீதிமன்றத்தில் போராட நேர்ந்தது. மீட்கப்பட்ட தொகையோ வெறும் 2,49,576 ரூபாய். அன்றைய உச்சவரம்பு 2,000 ரூபாயாக இருந்ததன் விளைவு அது!

இழப்பீடு ஒரு மாதத்திற்கு மேல் தாமதமானால் 12 விழுக்காடு வட்டியும், தகுந்த காரணம் இல்லையெனில் 50 விழுக்காடு வரை அபராதமும் உண்டு. தொழிலாளிக்கு அவரது உரிமையை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் திருத்தம் முதலாளியைக் கட்டாயப்படுத்துகிறது. எனினும் நியமனக் கடிதமோ ஊதியச் சீட்டோ இல்லாத ஒப்பந்தத் தொழிலாளி, தமிழகத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த புலம்பெயர் தொழிலாளி, தான் அங்கு வேலை செய்தேன் என்பதையே முதலில் மெய்ப்பிக்க வேண்டியுள்ளது.

2025 நவம்பர் 21 முதல் இச்சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிற்குள் கரைக்கப்பட்டுவிட்டது. அட்டவணையும், வயதுக் காரணியும், ஊதியத்தை அரசே அறிவிக்கும் அதிகாரமும் அப்படியே தொடர்கின்றன. சீர்திருத்தம் என்று பறைசாற்றப்பட்ட தொகுப்பு இந்த அநீதியைத் தொடவேயில்லை.

உச்சவரம்பை நீக்கி உண்மை ஊதியத்தைக் கணக்கிடுதல், தொழிலாளி செய்துவந்த வேலையை வைத்தே இழப்பை மதிப்பிடுதல், ஒப்பந்தத் தொழிலாளர் அனைவரையும் இ.எஸ்.ஐ. வரம்பிற்குள் கொணர்தல், பிரஸ் இயந்திரங்களில் பாதுகாப்புத் தடுப்புகளைக் கண்டிப்புடன் ஆய்வு செய்தல் ஆகியவை உடனடிக் கோரிக்கைகளாக எழ வேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டமும் தொழிலாளருக்கு இரக்கத்தால் கிடைத்ததல்ல. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டுப் போராடினாலன்றி இந்தக் கணக்கு மாறாது.