முதலில் அடைப்போம்

நம் சங்கத்தின் இணையதளத்தைச் சென்ற ஆண்டு புதிய கணிப்பொறிக்கு மாற்றியபோது நண்பர் ஒருவர் செய்த திருத்தத்தைப் பற்றி இரண்டொரு சொற்கள் எழுத விரும்புகிறேன். அவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அன்று அருகில் அமர்ந்து தலையாட்டியவன் நான்தான்.

கோப்புகளை வைத்துவிட்டுத் திறந்து பார்த்தால் '403, அனுமதி இல்லை' என்றே வந்தது. காரணம் எளியது. அப்பாச்சி என்னும் வலைவழங்கியின் அமைப்புக் கோப்பில், எல்லா அடைவுகளுக்கும் வேராகிய அடைவுக்கு 'ரிக்வயர் ஆல் டினைடு' என்று எழுதியிருக்கும். எவருக்கும் எதுவும் இல்லை என்பது அதன் பொருள். வேண்டிய அடைவை மட்டும் நாம் தனியே திறந்துகொள்ள வேண்டும். மூன்று வரி வேலை. ஆனால் இரவு பதினொரு மணி, மறுநாள் பொங்கல் விழா அழைப்பிதழ் வெளியாக வேண்டும். நண்பர் வேரிலேயே 'டினைடு' என்பதை 'கிராண்டட்' என்று மாற்றினார். தளம் திறந்தது. தில்லிக் குளிரில் தேநீர் தேடிப் போனோம்.

"வேலைதான் நடந்துவிட்டதே, இன்னும் என்ன?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு 2021 அக்டோபரை நினைவூட்டுகிறேன். அப்பாச்சி 2.4.49 பதிப்பில், முகவரியில் சில குறிகளை மாற்றி எழுதினால் தளத்தின் அடைவைத் தாண்டி வெளியிலுள்ள கோப்புகளையும் கேட்டுப் பெறலாம் என்பது அப்போது தெரியவந்தது. அவசரமாக வந்த 2.4.50 பிழையை முழுதும் தீர்க்கவில்லை; 2.4.51 வரவேண்டியதாயிற்று. ஆனால் வெளியிலுள்ள கோப்புகளை அந்த மறுப்பு வரி காத்து நின்ற கணிப்பொறிகளில் அவை அவ்வழியே கிட்டவில்லை.

இன்னொரு செய்தியைப் பலர் அறியார். அந்த வரி அப்பாச்சியின் பிறவிக் குணமன்று. அதை அழித்துவிட்டால் அப்பாச்சி மறுப்பதில்லை, அனுமதிக்கிறது! இது தலைகீழ் முறை என்பது என் துணிபு. மறதியால் அடைத்துவிட்டால் 403 என்று நமக்கே உடனே தெரிந்துவிடும். மறதியால் திறந்துவிட்டால் யாரும் வந்து சொல்வதில்லை.

அந்தக் கணிப்பொறியில் நம் தளம் மட்டுமா இருந்தது? உதவித்தொகை கேட்ட மாணவர்களின் வருமானச் சான்றுகளும் இருந்தன. தந்தையின் ஊதியத்தை அறைத்தோழனிடமும் சொல்லாத பிள்ளைகள் நம்மை நம்பித் தந்தவை அவை. எவரேனும் எடுத்தனரா என்று பதிவேட்டைத் தேடினேன்; இரண்டு வாரத்துக்கு முந்தியவை அழிந்துபோயிருந்தன.

சென்ற வாரம் வேரை அடைத்து, நம் அடைவை மட்டும் திறந்தேன். ஐந்து நிமிடமும் ஆகவில்லை. அடுத்த செயற்குழுவினர் 403 என்று கண்டால் நள்ளிரவானாலும் என்னை எழுப்புங்கள், வேரைத் தொடாதீர்கள்.