மறுக்கும் உரிமை நோயாளிக்கு மட்டும்தானா?

கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் இனிப்பு வந்துவிடும். வேண்டாமென்றால் இலைக்கு மேலே கையைக் குறுக்கே நீட்ட வேண்டும். நீட்டினாலும் பரிமாறுபவர் எளிதில் நகர மாட்டார். 'விசேஷ வீடு, கொஞ்சமா வெச்சுக்குங்க' என்பார். 'எனக்கு சுகர் இருக்குங்க' என்று சொன்னால் போதும், கரண்டி மறுபேச்சில்லாமல் அடுத்த இலைக்குப் போய்விடும். பக்கத்து இலைக்காரர் தான் போடும் மாத்திரையின் பெயரைச் சொல்லி உறவு கொண்டாடவும் கூடும். அதே ஆள், 'சுகர் இல்லை, வரக் கூடாதென்றுதான் வேண்டாம் என்கிறேன்' என்று சொன்னால் பந்தியே சிரிக்கும். 'இருக்கிறவனே சாப்பிடுறான், உனக்கென்ன?' என்று யாராவது கேட்பார்கள். உணவை மறுக்க நம் சமூகம் இரண்டே காரணங்களைத்தான் மரியாதையுடன் ஒப்புக்கொள்கிறது: ஒன்று நோய், மற்றொன்று விரதம். ஆரோக்கியமாக இருப்பவர் ஆரோக்கியமாகவே இருக்க விரும்புவது அந்தப் பட்டியலில் இல்லை. உணவு மாற்றம் குறித்து நாம் பேசுவதெல்லாம் ஊட்டச்சத்தையும் மன உறுதியையும் பற்றியே இருக்கிறது. சிக்கலோ பரிமாறும் இடத்தில் இருக்கிறது.

இது சில்லறை விஷயமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர் என்ற எண் தலைப்புச் செய்தியானது. அதைவிடக் கவலை தர வேண்டிய எண் அதற்கு அடுத்த வரியில் இருந்தது: நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடிப் பேர். சர்க்கரை ஏறத் தொடங்கிவிட்ட, ஆனால் இன்னும் நோயாளி என்று பெயர் எடுக்காத கூட்டம் இது. இவர்களிடம் என்ன செய்யலாம் என்பதற்கான விடையும் சென்னையிலேயே கிடைத்திருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் இத்தகைய 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். உணவையும் நடமாட்டத்தையும் மாற்றியவர்களிடம் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை போட்டவர்களிடம் 26.4 சதவீதம். சாப்பாட்டையும் நடமாட்டத்தையும் மாற்றுவது மாத்திரைக்கு எந்த விதத்திலும் சளைத்ததல்ல. மாத்திரையை 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறது. சாப்பாட்டை மாற்றும் வேலையை மட்டும் தனி ஆள் தலையில் கட்டிவிட்டு, 'வாயைக் கட்டு' என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

வாயைக் கட்டுவது எத்தனை இடத்தில் என்று பார்க்க வேண்டும். டீக்கடையில் மாஸ்டர் கிளாஸில் முதலில் போடுவது சர்க்கரையைத்தான். டிகாக்‌ஷனும் பாலும் பிறகு. கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் ஏறத்தாழ 10 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஒரு நாள் முழுமைக்கும் தரும் உச்ச அளவு 25 கிராம். மூன்றாவது டீயிலேயே கணக்கு தாண்டிவிடுகிறது. அந்த மூன்றாவது டீ பெரும்பாலும் குடிப்பவர் கேட்டு வந்ததாக இருக்காது. பார்க்கப் போன இடத்தில், 'டீ சொல்லட்டுமா' என்று கேட்காமலேயே சொல்லப்பட்டதாக இருக்கும். பிறகு பதவி உயர்வு பெற்றவர் நீட்டும் இனிப்புப் பெட்டி, அலுவலகப் பிறந்தநாள் கேக், ஊருக்குப் போய்வந்தவரின் அல்வா, பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் வரும் பாயசம், நோன்பு திறக்க அழைத்த நண்பர் வீட்டு பிரியாணி. தனியே எடுத்துப் பார்த்தால் இவற்றில் எதுவும் தீங்கில்லை. எல்லாமே ஒரு மனிதரின் கையிலிருந்து வருகின்றன என்பதுதான் இடைஞ்சல். சிப்ஸ் பாக்கெட்டை மறுத்தால் அதற்குக் கோபம் வராது.

அந்தக் கோபத்துக்கு நம் நாட்டில் ஆழமான வேரும் உண்டு. யார் வீட்டில் கை நனைக்கலாம், யார் வீட்டில் தண்ணீர்கூட வாங்கக் கூடாது என்று சாதி வகுத்த மண் இது. சாப்பிட மறுப்பது பல தலைமுறைகளாக இங்கே அவமதிப்பின் அடையாளமாக இருந்திருக்கிறது. அதற்கு எதிராகத்தான் சமபந்தி போஜனம் என்ற ஏற்பாடு வந்தது. சுதந்திர தினத்தன்று கோயில்களில் இன்றும் பொது விருந்து நடக்கிறது. இந்த வரலாற்றை மனதில் வைத்துப் பார்த்தால், 'வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள்' என்ற உணவியல் ஆலோசனை எவ்வளவு மேலோட்டமானது என்று புரியும். புதிதாகச் சம்பந்தம் செய்துகொண்ட வீட்டிலோ, முதன்முதலாக அழைத்த சக ஊழியர் வீட்டிலோ தட்டை ஒதுக்குபவர் தன் கலோரியைக் குறைக்கிறார். எதிரில் நிற்பவர் அதில் வேறொன்றைப் படிக்கக்கூடும். அவர் அப்படிப் படிப்பதை மூடத்தனம் என்று ஒதுக்கவும் முடியாது.

உணவுப் பழக்கம் கூட்டத்தோடு சேர்ந்தே நகர்கிறது என்பதற்கு அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். 12,067 பேரை 1971 முதல் 2003 வரை தொடர்ந்த தரவுகளை ஆராய்ந்த கிறிஸ்டாகிஸும் ஃபவுலரும், நண்பர் ஒருவர் உடல் பருமன் அடைந்தால் நமக்கும் அது நேரும் வாய்ப்பு 57 சதவீதம் கூடுவதாக 2007இல் எழுதினர். இனம் இனத்தோடு சேர்வதைத் தொற்று என்று தப்பாகக் கணக்கிட்டுவிட்டார்கள் என்று புள்ளியியலாளர்கள் மறுத்தார்கள்; அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. புரட்டாசி போதும். மாமிசம் இல்லாமல் ஒருவேளை சோறு இறங்காது என்பவர்கள்கூட ஒரு மாதம் முழுக்க அதைத் தொடாமல் இருக்கிறார்கள். இறைச்சிக் கடைகளில் வியாபாரம் படுத்துவிடுகிறது. மாலை போட்டவர் வீட்டில் நாற்பத்தெட்டு நாளும் மொத்தச் சமையலுமே மாறுகிறது. அப்போது மட்டும் மன உறுதி எங்கிருந்து வருகிறது? வீடும் தெருவும் கடையும் சேர்ந்து மாறுவதால், தனியாக எதிர்த்து நிற்க வேண்டிய தேவையே அவருக்கு எழுவதில்லை. வற்புறுத்துவோர் இல்லை, விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, யாரும் புண்படுவதும் இல்லை. கட்டுப்பாடு இல்லாத மக்கள் என்று நம்மை நாமே திட்டிக்கொள்வது அதனால்தான் பொருத்தமற்றது.

வீட்டுக்குள் இந்தச் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. குடும்பத் தலைவருக்கு டாக்டர் 'டயட்' சொன்னால் அந்த டயட்டைச் செய்ய வேண்டியவர் மனைவி. கணவருக்குச் சப்பாத்தியும் காய்கறியும், பிள்ளைகளுக்குச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும், மாமியாருக்குக் குழைவாக வேறொன்று என்று ஒரே அடுப்பில் மூன்று சமையல். மிச்சத்தைக் கடைசியில் தின்பவரும் மனைவியே. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடை கொண்டவர்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. எடையும் கூடுகிறது, சத்தும் இல்லை. வயிற்றை நிரப்புவது பெரும்பாலும் சோறாகவே இருந்தால் இந்த இரண்டும் சேர்ந்துதான் வரும். அந்த மனைவி தனக்காக ஒரு கிண்ணம் சுண்டல் தனியே எடுத்து வைத்துக்கொண்டால் அதற்கு வீட்டில் என்ன பெயர் வைப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். நோயின் பெயரால் மறுக்கும் சலுகைகூட எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை.

'எல்லாவற்றுக்கும் சமூகத்தைக் குறை சொன்னால் தனிமனிதப் பொறுப்பு எங்கே போனது?' என்று கேட்கலாம். பொறுப்பு இருக்கிறது, அதைப் பரிமாறுபவருக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்பதே வாதம். பகிர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பின்லாந்தின் வட கரேலியா சாட்சி. இதய நோயால் நடுவயது ஆண்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த அந்த மாகாணத்தில் 1972இல் பெக்கா புஸ்கா தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. வெண்ணெயும் கொழுப்புப் பாலும் உப்பும் அந்த மக்களின் அன்றாடம். காய்கறி கால்நடைக்கானது என்ற நினைப்பு. திட்டக் குழு மருத்துவமனைகளோடு நிற்காமல் 'மார்த்தா' என்ற இல்லத்தரசிகள் சங்கத்தைத் தேடிப் போனது. ஊர் விருந்துகளில் அதே பழைய இறைச்சிக் குழம்பைக் காய்கறி சேர்த்து, கொழுப்பும் உப்பும் குறைத்து அந்தப் பெண்கள் சமைத்துக் காட்டினார்கள். கொலஸ்ட்ராலைக் குறைப்பதில் ஊருக்கும் ஊருக்கும் போட்டி வைத்தார்கள். நாற்பது ஆண்டுகளில் வேலை செய்யும் வயது ஆண்களிடையே இதய நோய் மரணம் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. புகைபிடித்தல் குறைந்ததும் சிகிச்சை மேம்பட்டதும் அதில் பங்குகொண்டவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் நடந்தது இதைவிடச் சத்தமில்லாதது. ரொட்டி உள்ளிட்ட உணவுகளில் உப்பை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் செய்தார்கள். பத்தாண்டில் ஒருவர் உட்கொள்ளும் உப்பு 9.5 கிராமிலிருந்து 8.1 கிராமாக இறங்கியது. ருசி போய்விட்டது என்று யாரும் தெருவுக்கு வரவில்லை. 2011க்குப் பிறகு கண்காணிப்பு தளர்ந்தது, முன்னேற்றமும் நின்றது.

அடுத்த மறுப்பு பண்பாட்டின் பேரால் வரும்: விருந்தோம்பலில் கை வைக்காதீர்கள். ஆனால் விருந்தோம்பல் என்பது மெனு அல்ல. மானாவாரி மாவட்டங்களில் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் அன்றாடமாக இருந்த காலத்தில் நெல்லுச்சோறு பண்டிகைச் சாப்பாடு. பாலிஷ் போட்ட வெள்ளரிசி எல்லார் வீட்டிலும் தினமும் மூன்று வேளையாக வந்தது பசுமைப் புரட்சிக்கும் ரேஷன் கடைக்கும் பிறகுதான். பசியை ஒழித்த அந்தச் சாதனையைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் திருவிழாச் சாப்பாடு தினசரிச் சாப்பாடாகிவிட்ட பிறகும் திருவிழாவை மேலும் சோற்றாலும் சர்க்கரையாலும்தான் கொண்டாட வேண்டும் என்பதில் என்ன மரபு இருக்கிறது? கல்யாணச் சமையலில் பொரியல் ஒரு கரண்டியோடு நின்றுவிடுகிறது, சோற்று வாளி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. இதைத் தீர்மானிப்பது காய்கறி விலையும் நறுக்குகூலியும். பண்பாட்டுக்கு அதில் பெரிய பங்கில்லை.

விலை என்று வந்துவிட்டால் மிகக் கனமான ஆட்சேபத்துக்கு வந்துவிட்டோம்: இதெல்லாம் வசதி படைத்தவர்களின் பேச்சு. பாதி உண்மை. சிறுதானிய பிஸ்கட்டையும் வரகரிசி பிரியாணியையும் ஆரோக்கியம் என்று விற்கும் கடைகளைப் பார்த்து எழும் கசப்பு நியாயமானது. 2025இல் அதே நீரிழிவு ஆய்வின் உணவுப் பகுதி வெளியானபோது அந்தக் கசப்புக்கு அறிவியல் துணையும் கிடைத்தது. இந்தியர்கள் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. தீட்டிய தானியத்தின் இடத்தில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்தால் மட்டும் ஆபத்து குறைவதில்லை. மொத்த மாவுச்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதம் வந்தால்தான் குறைகிறது. ஆகவே கேள்வி பருப்பின் விலைக்கு வருகிறது. தமிழ்நாட்டு ரேஷனில் 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. நான்கு பேர் குடும்பத்துக்கு அதை வகுத்தால் தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராம் சொச்சம். பருப்பு, முட்டை, மாமிசம் எல்லாம் சேர்த்து 85 கிராம் வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஏழைகளுக்கு மட்டும் வாயைக் கட்டச் சொல்லும் பிரசங்கம் இந்தக் கணக்கின் முன்னால் நிற்காது. அவர்கள் தட்டை மாற்றும் சாவி ரேஷன் கடையிலும், பிள்ளைகளுக்கு முட்டை போடும் சத்துணவுக் கூடத்திலும் இருக்கிறது.

சிபிஎஸ்இ பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' வைக்க வேண்டும் என்று 2025இல் உத்தரவு வந்தது. அலுவலகங்களிலும் எண்ணெய், சர்க்கரை அளவைக் காட்டும் பலகைகள் வேண்டுமென்று மத்திய சுகாதார அமைச்சகம் கேட்டுக்கொண்டது. தகவல் நல்லதுதான். ஆனால் சுவரில் பலகையும் அதன் கீழே சமோசாத் தட்டும் இருந்தால், மறுக்கும் வேலை மறுபடி சாப்பிட வந்தவரிடமே போகிறது. மாற வேண்டியது கேட்காமல் வருவது எது என்பதுதான். டீயைச் சர்க்கரை போடாமல் கொடுத்து, வேண்டியவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். பந்தியில் பொரியலும் கூட்டும் சுண்டலும் முதலில் வரட்டும், இனிப்பு கேட்டவருக்கு வரட்டும். அல்வாவைத் தடைசெய்யச் சொல்லவில்லை. அல்வா இல்லாத உலகம் இந்தக் கட்டுரைக்கும் வேண்டாம். கேட்டரிங்காரர்கள் கேட்டதைச் செய்து தரத் தயாராகவே இருக்கிறார்கள். கல்யாண வீட்டார் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று தயங்குவார்கள். அந்தத் தயக்கம் இல்லாத இடம் அரசு. கலெக்டர் அலுவலகக் கூட்டங்களிலும், தொற்றா நோய்த் தடுப்பு ஆய்வுக் கூட்டங்களிலும்கூட, பிஸ்கட்டும் சர்க்கரை போட்ட டீயும்தான் சுற்றி வருகின்றன. அந்த இடத்தில் சுண்டலும் வாழைப்பழமும் வைக்கச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. சிற்றுண்டிக்குக் கொட்டேஷன் கேட்கும் கடிதத்தில் ஒரு வரியை மாற்றினால் வந்துவிடும்.