வெளிநாடு சென்றவர் வீடிழக்க வேண்டுமா?

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. அங்கு உழைத்துவந்த இந்தியர்கள் பாலைவனம் கடந்து ஜோர்டான் தலைநகர் அம்மானை அடைந்தனர். ஆகஸ்ட் 13 முதல் அக்டோபர் 11 வரை ஏர் இந்தியா 488 முறை பறந்து, ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரைத் தாயகம் சேர்த்தது. (அந்தப் பொதுத்துறை நிறுவனம் 2022 ஜனவரியில் டாட்டாவுக்குக் கைமாறிவிட்டது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.) பல்லாண்டு உழைப்பின் பலனை அங்கேயே விட்டுவிட்டு, ஒற்றைப் பெட்டியோடு பம்பாய் சகார் விமான நிலையத்தில் வந்திறங்கிய அம்மக்களுக்குத் திரும்பிச் செல்ல ஒரு வீடாவது இருந்தது. 2020 மே மாதம் தொடங்கிய ‘வந்தே பாரத்’ விமானங்களிலோ, வேலையிழந்து வந்தவர்களே பயணக் கட்டணத்தையும் செலுத்த வேண்டியிருந்தது.

இன்று வளைகுடாவிலிருந்து தாராவிக்குத் திரும்பும் தமிழ்த் தொழிலாளிக்கு அந்த வீடும் உறுதியில்லை.

2024 மார்ச்சில் தாராவியில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. நடத்துவது, அதானி குழுமம் 80 விழுக்காடும் மாநில அரசு 20 விழுக்காடும் பங்கு வைத்துள்ள நிறுவனம். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்கு மட்டுமே தாராவிக்குள் 350 சதுர அடியில் இலவச வீடு. அதன்பின் 2011 வரை வந்தவர்களுக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு, தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. மேல்தளத்தில் வாழ்வோருக்கும் வெளியேதான். அதுவும் வாடகைத் தவணை முறையில். செம்பூரை அடுத்த தேவனார் குப்பைமேடும் இதற்கென ஒதுக்கப்பட்ட நிலங்களுள் ஒன்று.

அந்த மேல்தளம் எப்படி எழுந்தது? தந்தை கட்டிய பத்துக்குப் பத்து அறையில் இரண்டு குடும்பங்கள் வாழ இயலாது. மூத்தவன் துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ போய் அனுப்பிய பணத்தில்தான் இரும்பு ஏணியும் தகரக் கூரையுமாக ஒரு மாடி எழுகிறது. அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தவர் என்று அரசு அவரைப் புகழ்கிறது. அதே பணத்தில் கட்டிய அறையில் குடியிருப்பதாலேயே அவர் குடும்பத்தைத் தாராவியிலிருந்து வெளியேற்றுகிறது. கணக்கெடுப்பாளர் வரும் நாளில் கதவில் பூட்டுத் தொங்கினால் தொல்லை இன்னும் பெரிது. குடியிருந்ததற்குச் சான்று காட்ட வேண்டியவர் கடலுக்கு அப்பால் சாரத்தின்மேல் நின்றுகொண்டிருப்பார்.

மராத்திப் பட்டியல்களில் தகுதியுடையோரைப் ‘பாத்ர’ என்றும் மற்றோரை ‘அபாத்ர’ என்றும் எழுதுகிறார்கள். பாத்திரமறிந்து பிச்சையிடு என்பது நம் பழமொழி. ஆனால் சதுப்பு நிலத்தை மேடாக்கி, தோல் பதனிட்டு, தலைமுறைகளாக இந்நகரை உருவாக்கியவர்கள் கேட்பது பிச்சையன்று.

சட்டத்திலேயே இதற்கொரு முன்மாதிரி உண்டு. வழக்கமான வசிப்பிடத்தை விட்டுத் தற்காலிகமாகச் சென்றிருப்பதாலேயே ஒருவர் அவ்விடத்துக் குடியிருப்பாளர் என்ற நிலையை இழக்கமாட்டார் என்று 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆவது பிரிவு கூறுகிறது. வாக்குக்குப் பொருந்தும் இந்நெறி வீட்டுக்கும் பொருந்த வேண்டும். பூட்டிய வீடுகளைத் தகுதியற்றவை எனத் தள்ளாமல், வெளிநாட்டில் உள்ளவர் திரும்பிவந்து சான்று அளிக்கும்வரை காத்திருக்க வேண்டும். குடும்பத்தினர் அவர் சார்பில் ஆவணம் அளிக்க இடம் தர வேண்டும். மேல்தளக் குடும்பங்களுக்கும் தாராவிக்குள்ளேயே வீடு வேண்டும்.

தொண்ணூறு அடிச் சாலையிலும் மாட்டுங்கா லேபர் கேம்பிலும் உள்ள தோழர்கள், வெளிநாட்டில் வேலை செய்வோர் உள்ள குடும்பங்களின் பட்டியலை உடனே தயாரிக்க வேண்டும். கடவுச்சீட்டில் தாராவி முகவரி உள்ள பக்கம், மின்கட்டண ரசீது, பழைய வாக்காளர் பட்டியல் ஆகியவற்றின் நகல்களைக் குடும்பத்தினரிடமிருந்து இப்போதே பெற்று வைக்க வேண்டும். விடுப்பில் ஊர் வந்திருப்பவர்களை, அவர்கள் மீண்டும் விமானம் ஏறுவதற்குள் சந்தித்துவிட வேண்டும்.