“ரெண்டு டிகிரிதானே?” என்று கேட்பவர்களுக்கு!

தோழர்களே,

டிவி விவாதத்திலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. “பூமி ரெண்டு டிகிரி சூடானா என்ன குடியா முழுகிடும்? காலையில 26, மதியம் 38. ஒரே நாள்ல பன்னிரண்டு டிகிரி தாங்குறோமே!”

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கணக்கு தப்பு.

ஒரு நாளின் வெயில் வேறு, உலகத்தின் சராசரி வேறு. உடம்புச் சூடு 37-லிருந்து 39-க்குப் போனால் “ரெண்டு டிகிரிதானே” என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவோமா? 2024-ல் உலக சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிடச் சுமார் 1.55 டிகிரி அதிகம் என்று அறிவித்தது உலக வானிலை அமைப்பு. ஒரே வருஷத்தை வைத்து முடிவு சொல்லக்கூடாது, சரி. ஆனால் ரெண்டு டிகிரிக்குப் பாதி தூரத்துக்கு மேல் வந்தாச்சு என்பதில் சந்தேகமே இல்லை.

அந்த டிகிரி என்ன செய்யும்?

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை ஒருநாள் கொட்டித்தானே ஆகணும்? 2023 டிசம்பரைப் பற்றித் தூத்துக்குடி மக்களைக் கேளுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை! அந்த மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நகர முடியாமல் நின்றது. நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே தவித்தார்கள். உப்பளங்களில் அம்பாரம் போட்டிருந்த உப்பு கரைந்து கடலுக்கே போனது.

“அந்த மழைக்குக் காரணம் காலநிலை மாற்றம்தான்னு நிரூபிக்க முடியுமா?” என்பார்கள். அது மட்டுமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. பெருமழை நம் பாட்டன் காலத்திலும் பெய்தது. சூடேறிய கடலும் காற்றும் அதே மழையின் எடையைக் கூட்டுகின்றன. அதுதான் நம் வாதம்.

அடுத்த வாதம்: “வெள்ளத்துக்குக் காரணம் ஆக்கிரமிப்பு. காலநிலை மேல பழி போடாதீங்க.” ஒருகாலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இன்று மிஞ்சியிருப்பது சிறு பங்குதான். உண்மை. ஆனா யோசிங்க: மாட்டின் காலை ஒடித்தவர்களே, வண்டியில் பாரமும் கூடினால் மாடு எப்படி இழுக்கும்? ஆக்கிரமிப்பு இருப்பதால்தான் காலநிலை மாற்றம் நமக்கு இன்னும் பெரிய ஆபத்து. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்காதீர்கள்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. “புயல்ல சாகுறவங்க எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே வருதே, அப்புறம் எதுக்குப் பயம்?” ஆமாம், குறைந்திருக்கிறது. 1999 ஒடிசா பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013-ல் அதே ஒடிசாவை பைலின் புயல் தாக்கியபோது இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. புயல் மனம் இரங்கியதா? இல்லை. சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆபத்து பெரிது என்று நம்பி வேலை செய்ததால் கிடைத்த பலன் அது. அதையே காட்டி “ஆபத்தே இல்லை” என்பது, தடுப்பூசி போட்டதால் நோய் வராத பிள்ளையைக் காட்டி “தடுப்பூசி எதற்கு?” என்று கேட்பது போல.

இந்தப் பக்கம் இன்னொரு கூட்டம்: “எல்லாம் முடிஞ்சு போச்சு, இனி என்ன செஞ்சாலும் பிரயோஜனம் இல்ல.” இதுவும் தப்பு! வெப்ப உயர்வு 1.5 டிகிரியில் நின்றால் உலகின் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் குறையும். 2 டிகிரி ஆனால் 99 சதவீதத்துக்கு மேல் போய்விடும் என்று 2018-ல் சொன்னது ஐ.நா.வின் ஐபிசிசி அறிவியலாளர் குழு. அரை டிகிரிக்கு இவ்வளவு வித்தியாசம்! மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில்தான் மீன்கள் குஞ்சு பொரித்து வளர்கின்றன. நமக்கு அது அரை டிகிரி. ராமநாதபுரம் மீனவனுக்கு அது அடுத்த தலைமுறையின் வலை.

“ஒண்ணும் ஆகாது” என்பவரும் “ஒண்ணும் செய்ய முடியாது” என்பவரும் கடைசியில் சொல்வது ஒன்றுதான்: சும்மா இரு.

சும்மா இருக்க யாரால் முடியும்? ஏசி அறையில் இருப்பவரால் முடியும். உப்பளத்தில் வெறுங்காலோடு நிற்கும் அக்காவால் முடியாது. காற்றில் ஈரம் கூடினால் வேர்வை காயாது. வேர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. கட்டடத் தொழிலாளிக்கும், நடவு நடும் அம்மாவுக்கும், டெலிவரி கொடுக்கும் தம்பிக்கும் இது உயிர்ப் பிரச்சினை. இத்தனைக்கும் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவைக் கக்குகிறது அமெரிக்கா. இந்தியாவின் கணக்கு சுமார் 2 டன். அந்த அக்காவின் கணக்கு அதிலும் எவ்வளவு இருக்கும்?

2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது தமிழ்நாடு. இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்கிறோம். ஆனால் செத்த பிறகு 4 லட்சம், சாகாமல் இருக்க?

நாம் கேட்பது இதுதான்:

✊ கடும் வெயில் நாட்களில் மதிய வேலைக்குக் கட்டாய ஓய்வு. கூலியில் ஒரு ரூபாய் குறையக்கூடாது.
✊ ஒவ்வொரு வேலைத்தளத்திலும் நிழல், குடிநீர், கழிப்பறை.
✊ ஏரி, சதுப்பு நிலங்களுக்கு எல்லை அளந்து கல் நட வேண்டும். அதற்குள் யாருக்கும் பட்டா கூடாது.
✊ அதிகம் கக்கிய பணக்கார நாடுகள் இழப்பீடு தர வேண்டும்.

எவ்வளவு மோசமாகும் என்று விவாதம் பண்ணுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த விவாதத்தை ஒருநாள் மதியம் ரெண்டு மணிக்கு, தூத்துக்குடி உப்பளத்தில் நின்று பண்ணுவோம். வர்றீங்களா?

பகிருங்கள் தோழர்களே!
#செத்தபிறகுகாசுவேண்டாம் #உயிரோடுநிழல்வேண்டும்